சுருதி, சங்கதி, ஃபீல்: பாட்டுக்காரர் பேச்சு ஏன் எரிச்சலூட்டுகிறது?

தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் இசைக்குழு மேடையேறியதும் முதல் அரை மணி நேரம் பாட்டு வராது, பேச்சுதான் வரும். “ஸ்கேல் என்னண்ணே?” “டி ஷார்ப்.” “ரெண்டரையா?” “இல்ல, டி ஷார்ப்.” “அதத்தானே நானும் சொல்றேன்.” அப்புறம் மானிட்டரில் கீபோர்டு கேட்கவில்லை, கிட்டாருக்கு ட்ரெபிள் கூடிவிட்டது, ட்ராக்கில் க்ளிக் வரவில்லை. கீழே பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு ஒன்றும் விளங்காது. “எப்பதான் பாடப் போறானுக?” என்று ஒருவர் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “பெரிய வித்துவான் மாதிரி பேசுறானுக” என்பார்.

இரண்டாவது ஆள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இசைக்காரர் பேச்சு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் அது புரியாததுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். இலங்கை மலையகத்தில் அந்தக் காரணம் நிற்காது. கவ்வாத்து, தவறணை, வங்கிக் கொழுந்து, பெரட்டு, கைக்காசு, அரைப்பேர் என்று தொழிற்சொற்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சனம் இது. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு இதில் பாதி புரியாது. இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். “இன்னிக்கு அரைப்பேருதான்” என்று ஒரு அம்மா சொன்னால் அன்றைய நாள் கணக்கில் பாதிதான் விழுந்திருக்கிறது என்று வீடே புரிந்துகொள்ளும். அதைச் சொன்னதற்காக யாரும் அவரைப் பெருமை பீற்றுகிறார் என்று நினைப்பதில்லை.

இசைச் சொற்களும் நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமானவை அல்ல. நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் ஊதும் குழலுக்கு ஒத்து என்று பெயர். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் மின்சாரச் சுருதிப்பெட்டி பிடித்துவிட்டது. ஆனால் சங்கக் கூட்டத்தில் தலைவருக்கு யார் ஒத்து ஊதுகிறார், யார் ஜால்ரா போடுகிறார் என்று பேசாத லயத்து வரிசை வீடு உண்டா? பழைய பல்லவியைப் பாடாதே, சோத்துக்குத் தாளம் போடுறான், அவனுக்குச் சுதி ஏறிருச்சு என்று நாளெல்லாம் பேசுவது இசைக்காரரின் சரக்கைத்தான். ஆகவே சொல் புதியதா பழையதா, தமிழா ஆங்கிலமா சமஸ்கிருதமா என்பது பெரிய கேள்வி அல்ல. ஒரு சொல் வேலையை நடத்துவதற்கு வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆளை எடைபோட வந்தால் எரிச்சல் வருகிறது.

சுருதியைச் சொல்லும் ‘கட்டை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு. வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண், கறுப்புக்கு அரை. ஒன்று என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப். ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. “நான் மூன்றரையில் பாடுவேன்” என்று யாராவது சொன்னால் அவர் ஆர்மோனியத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று தைரியமாக முடிவு செய்யலாம். ஆறு கட்டை என்பது ஏ. நடு ஸ்தாயியின் ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்று 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒத்துக்கொண்டார்கள். 1955இல் அது சர்வதேசத் தர நிறுவனத்தின் பரிந்துரையானது. இன்று கைபேசியில் இருக்கும் ட்யூனர் செயலியும் அந்த 440ஐ வைத்துத்தான் ஊசியை ஆட்டுகிறது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டைப் பக்கம் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஆறு வசதியாக இருக்கும். ஒலிவாங்கி இல்லாத நாடகக் கொட்டகைக் காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக ஆண்களும் உயர்ந்த சுருதியில் பாடினார்கள். “அஞ்சு கட்டைக் குரல்” என்று பெரியவர்கள் இன்னும் புகழ்வது அந்தக் காலத்து மிச்சம்.

இவ்வளவையும் ஒரே சொல்லில் சொல்லி முடிக்க உதவுவதால் கட்டை நல்ல தொழிற்சொல். குழப்பம் ‘ஸ்கேல்’ என்ற சொல்லில் இருக்கிறது. மேற்கத்திய இசையில் ஸ்கேல் என்றால் சுரங்களின் ஏறு வரிசை. தமிழ் மெல்லிசை மேடையில் அது சுருதியைக் குறிக்கிறது. ஹட்டன் பக்கத்துத் தேவாலயத்தில் பியானோ பழகிய பிள்ளை ஒன்று இசைக்குழுவில் சேர்ந்தால் முதல் நாளே சண்டை வரும். “என்ன ஸ்கேல்மா?” என்று கேட்பார்கள். “மைனர்” என்று அவள் சரியாகவே பதில் சொல்வாள். “அது தெரியுது, எத்தன கட்டை?” அதற்கு மேல் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் வேறு இருக்கிறது. அதை அழுத்திவிட்டு எந்தச் சுருதியாக இருந்தாலும் சி-யிலேயே வாசிக்கும் ஆட்கள் நிறையப் பேர். கிட்டார்க்காரர் “என்ன கார்டு?” என்று கேட்டால் அவர் தன் விரல் இருக்கும் இடத்தைப் பார்த்து “சி மேஜர்” என்பார், ஒலிப்பெட்டியிலிருந்து டி ஷார்ப் வரும். இருவரும் பொய் சொல்லவில்லை. கேட்கிற சனத்துக்குத்தான் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தோன்றிவிடுகிறது.

மலையகத்துக்கே உரிய ஒரு தகராறு உண்டு. கொழும்பிலிருந்தோ கரையோரத்திலிருந்தோ வந்து நுவரெலியாவில் ஊதும் நாதஸ்வரக்காரர் “சுருதி இறங்குது” என்பார். சுருதிப்பெட்டியை வைத்திருப்பவர், “பெட்டி சரியாத்தான் இருக்கு, நீங்கதான் சேரல” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. குழலுக்குள் இருக்கும் காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் குழல் வாத்தியத்தின் சுருதி. காற்று ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். கொழும்பில் 28 பாகை. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் சராசரி 16 பாகை அளவில். வேறு எதுவும் மாறாமல் காற்று மட்டும் அவ்வளவு குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஊதுகிறவரின் மூச்சுச் சூடு அதில் கொஞ்சத்தைச் சரிக்கட்டும். மீதியை அவர் உதட்டு அழுத்தத்தாலும் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றியும் சமாளிக்க வேண்டும். நாதஸ்வரத்தில் நூலில் கட்டித் தொங்குகிற நாலைந்து சீவாளிகள் அழகுக்காகத் தொங்கவில்லை. பெட்டிக்கோ குளிர் தெரியாது. அது காலையில் வைத்த சுருதியிலேயே நிற்கும்.

இதில் பாரி, திமிரி என்ற பேச்சும் வரும். பாரி நாதஸ்வரம் நீளமானது, தாழ்ந்த சுருதி. திமிரி குட்டை, உயர்ந்த சுருதி. டி. என். ராஜரத்தினம் பிள்ளை பாரியைப் பரவலாக்கிய பிறகு அதுவே வழக்கமானது. பாடகர் ஒருவர் நாதஸ்வரத்தோடு பாட ஏறி, “எனக்கு ஒன்றரை வையுங்க” என்று கேட்டால் மேளக்காரர் சிரிப்பார். குழலின் நீளத்தை வெட்டி ஒட்ட முடியாது. பாடகர்தான் இறங்கியோ ஏறியோ வர வேண்டும். அந்தச் சிரிப்பைப் பாடகர் திமிர் என்று எடுத்துக்கொள்வார். சில நேரம் திமிராகவும் இருக்கும், சரி.

அதே திருவிழாவில் கோயில் வாசலுக்கு வெளியே தப்புப் பறை அடிக்கிறவர்கள் தேயிலைக் குச்சியும் வைக்கோலும் போட்டு நெருப்பு மூட்டியிருப்பார்கள். “தோல் இறங்கிருச்சு, காய்ச்சணும்” என்று ஒருவர் சொல்வார். ஈரக் காற்றில் தோல் தண்ணீரை உறிஞ்சித் தளரும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகும், ஒலி ஏறும். மூடுபனி விழுகிற மலையில் இதை ஒரு இரவில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உள்ளே நாதஸ்வரக்காரர் சொன்னதும் வெளியே தப்புக்காரர் சொன்னதும் ஒரே சங்கதி: குளிர் சுருதியைக் கெடுக்கிறது, சரிசெய்ய வேண்டும். ஆனால் முதல் பேச்சுக்குச் சங்கீத ஞானம் என்று பெயர். இரண்டாவதை யாரும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்ததில்லை. எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பிலிருந்து அழகியல் பாடமாகச் சங்கீதம் எடுக்கலாம். சாதாரண தரப் பரீட்சை வரை போகலாம். பிள்ளைகள் முதலில் சந்திப்பது பாட்டை அல்ல, வரைவிலக்கணத்தை. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்கினால் அனாகத எடுப்பு; பாட்டு முந்தித் தாளம் பிந்தினால் அதீத எடுப்பு; இரண்டும் சேர்ந்து தொடங்கினால் சம எடுப்பு. மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதே பிள்ளை மாசி மாதத்தில் காமன் கூத்து பார்க்கப் போவான். மதனும் ரதியும் ஆடும்போது அடி விழுந்த பிறகு கொஞ்சம் தள்ளிப் பாட்டு எடுப்பதை அவன் காதால் நூறு முறை கேட்டிருப்பான், கூடவே கையும் தட்டியிருப்பான். இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் அவனுக்கு யாரும் காட்டுவதில்லை. பல இடங்களில் சங்கீத ஆசிரியர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்து வந்தவர். அவருக்குக் காமன் கூத்து தெரிய வாய்ப்பில்லை என்பதும் உண்மை. தெரிந்த ஆசிரியர்கள் சிலர் அதைக் கேட்கவைத்த பிறகு பெயரைச் சொல்கிறார்கள். அவர்களின் வகுப்பில் அனாகதம் யாரையும் பயமுறுத்துவதில்லை.

மேளகர்த்தா என்ற தாய் ராகங்களின் பெயர்களும் இப்படித்தான். 72 மேளங்களுக்கும் நீளநீளமாகச் சமஸ்கிருதப் பெயர்கள். பார்த்தாலே பிள்ளைகளுக்கு அலுப்பு. உண்மையில் அந்தப் பெயர்கள் ஒரு கெட்டிக்கார ஏற்பாடு. கடபயாதி என்ற முறைப்படி பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் உண்டு. அவற்றைத் தலைகீழாக வைத்தால் மேளத்தின் வரிசை எண் கிடைக்கும். மாயாமாளவகௌளையில் மா என்றால் 5, யா என்றால் 1; திருப்பினால் 15. மேசகல்யாணியில் 5, 6; திருப்பினால் 65. சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’ ஒட்டியிருப்பதும் இதற்காகத்தான்: 9, 2, ஆக 29. ஆனால் இங்கே ஒரு சிக்கல். சமஸ்கிருதத்தில் த வரிசையில் நான்கு தனித்தனி எழுத்துகள், அவற்றுக்கு 6, 7, 8, 9 என்று நான்கு எண்கள். தமிழில் நான்குக்கும் ஒரே த. ஆகவே தமிழில் எழுதிய ‘தீர’வைப் பார்த்து அது 6ஆ 9ஆ என்று எந்தப் பிள்ளையாலும் கண்டுபிடிக்க முடியாது. திறவுகோல் தொலைந்துவிட்டது, பூட்டை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இதை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம். விளக்காமல் “நல்லாப் பாடமாக்கு” என்று சொல்லும்போது கலைச்சொல் தண்டனையாகிவிடுகிறது.

கண்டிப் பக்கம் சிங்கள நண்பர்கள் ‘கெட்ட பெர’ என்ற கண்டி மேளம் பழகுவதைக் கேட்டவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். அவர்களின் முதல் பாடச் சொற்கள் தத், ஜித், தொங், நங். மிருதங்கத்தில் முதல் பாடம் த, தி, தொம், நம். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவர் அடியை மற்றவர் பிடித்துக்கொள்வார்கள். தோல் வாத்தியக்காரரின் சொற்கள் வாயால் அடிக்கும் அடிகள்; அவற்றுக்கு உரை தேவைப்படுவதில்லை. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்ற பெயர்கள் பிறகு வந்தால் போதும்.

அடுத்து தொலைக்காட்சி. லயத்துக்கூரைகளில் டிஷ் ஏறிய பிறகு சென்னைப் பாட்டுப் போட்டிகளின் நடுவர் பேச்சு மலைக்கு வந்து சேர்ந்தது. மலையகப் பிள்ளைகளும் அந்த மேடைகளில் பாடத் தொடங்கியதும் தேநீர்க் கடையிலும் “அந்த சங்கதி சரியா விழல” என்று கருத்துச் சொல்ல ஆள் வந்துவிட்டது. சங்கதி என்பது கீர்த்தனையில் ஒரே வரியைத் திரும்பப் பாடும்போது படிப்படியாகக் கூடிவரும் மாறுபாடு. தொலைக்காட்சியில் குரலை எங்கே வளைத்தாலும், எங்கே உருட்டினாலும் சங்கதிதான். கமகம், பிருகா என்று தனிப்பெயர் உள்ளவையெல்லாம் அதற்குள் கரைந்துவிட்டன. இது பெரிய குற்றம் இல்லை. சொற்கள் சந்தைக்கு வந்தால் தேயும்.

தாங்க முடியாதது ‘ஃபீல்’. “எல்லாம் சரி, ஆனா ஃபீல் பத்தல.” பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எதைப் பழகும்? சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கிறது என்றால் இறக்கலாம். தாளம் ஓடுகிறது என்றால் பிடித்து நிறுத்தலாம். இரண்டாவது சரணத்தில் மூச்சு முந்தியே முடிகிறது என்றால் எங்கே மூச்சு வாங்குவது என்று குறித்துக்கொள்ளலாம். ஃபீலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. டோனில் வார்ம்த் இல்லை, குரலில் டெக்ஸ்ச்சர் குறைவு என்பவையும் அதே இனம். சொன்னவரின் காது கூர்மையானது என்பது மட்டும் நமக்குத் தெரிவிக்கப்படுகிறது. சில வேளை உண்மையிலேயே ஏதோ குறைகிறது, சொல்ல வாய் வரவில்லை, அதனால் ஃபீல் என்கிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். அப்போது ஒரு தரம் பாடிக் காட்டிவிட்டால் போகிறது.

இசைக்குழு இளைஞர்களின் ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கச்சேரியை ‘கிக்’ என்கிறார்கள்; அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஜாஸ் வாத்தியக்காரர்களிடம் புழங்கிய பேச்சு. கல்யாண வீட்டில் போய் “அங்கிள், இன்னிக்கு நைட் இன்னொரு கிக் இருக்கு” என்றால் அங்கிள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார். ‘கிரெசெண்டோ’வைப் பாட்டின் உச்சம் என்று நினைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒலி மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல். போய்ச் சேரும் இடத்தின் பெயர் அல்ல.

சனத்தின் பேச்சும் இசைக்காரருக்கு எரிச்சலூட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சத்தமாகப் பாடினால் “ஹை பிட்ச்” என்பார்கள். பிட்ச் உயரம், சத்தம் வேறு. அறிவிப்பாளருக்கு எப்போதும் எக்கோ வேண்டும். எக்கோ கூடக்கூடப் பேச்சு விளங்காமல் போகும், மைக்கும் கூவத் தொடங்கும். ஒலிப்பெட்டியிலிருந்து வந்த சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய், பெருகி, மறுபடி ஒலிப்பெட்டிக்கு வருவதால்தான் அந்தக் கீச்சு. சவுண்ட்காரர் அதற்குப் பயந்து ஒலியைக் குறைப்பார், தலைவர் கையைக் காட்டிக் கூட்டச் சொல்வார். “பீட்பேக் அடிக்கும்ணே” என்ற விளக்கம் அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறாது.

அண்மைக் காலத்தில் தப்பையும் கீபோர்டையும் ஒரே மேடையில் சேர்க்கும் குழுக்கள் வந்திருக்கின்றன. அங்கே இந்த இரண்டு பேச்சும் நேருக்கு நேர் மோத வேண்டியிருக்கிறது. கீபோர்டுத் தம்பி, “மாமா, இது எத்தன பிபிஎம்?” என்று கேட்பான். நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு அது. மாமா பதில் சொல்லாமல் அடித்துக் காட்டுவார். தம்பி அந்த அடிக்கு ஏற்ப டேப் டெம்போ பொத்தானைத் தட்டுவான், திரையில் 132 என்று வரும். “நூத்தி முப்பத்திரெண்டு, க்ளிக் போட்டுறவா?” “போடு. ஆனா சாமி வர்ற எடத்துல நான் அதுல நிக்க மாட்டேன், அடி ஏறும்.” க்ளிக் என்பது வேகத்தைக் காட்டும் டிக் டிக் சத்தம்; அது ஒரே வேகத்தில் ஓடும், சாமி அடி ஆளின் உடம்பைப் பார்த்து ஏறும். அந்தப் பகுதிக்கு மட்டும் முன்பே பதிந்து வைத்த இசையான ட்ராக்கை நிறுத்திவிட்டு, தம்பி மாமாவின் கையைப் பார்த்து வாசிப்பது என்று முடிவாகும். திரும்ப எப்போது ட்ராக்குக்கு வருவது என்பதற்கு ஒரு அடையாளம் வேண்டும். மாமா அதற்கும் ஒரு அடி வைத்திருப்பார், தம்பி அதைத் தன் கைபேசியில் ‘கியூ’ என்று குறித்துக்கொள்வான்.